தாலியும் கையெழுத்தும் ஒரே இடத்தில்

மேற்கு வங்கத் திருமணத் தலைமைப் பதிவாளர் அவர்களுக்கு,



கொல்கத்தா லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகள் வேறு மொழியிலும் வேறு மதத்திலும் துணை தேடிக்கொள்வது இன்று சகஜம். பெரியவர்கள் கேட்பதெல்லாம், "தாலியை மட்டும் கோயில்ல கட்டிடுங்க" என்பதுதான். பிள்ளைகளும் சம்மதிக்கிறார்கள். கோயிலில் பணம் கட்டி ரசீது வாங்கியதும் கல்யாணம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

மணமக்கள் இருவரும் இந்துக்களானால், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி சடங்கே திருமணம். பதிவு அதற்குச் சான்று. ஒருவர் கிறிஸ்தவரோ முஸ்லிமோ ஆனால், கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. விசாவுக்கோ வாரிசு உரிமைக்கோ போய் நிற்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

வழி 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்திலேயே இருக்கிறது. திருமண அதிகாரியிடம் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். சட்டத்தின் 12-ஆவது பிரிவு, கூடுதல் கட்டணம் கட்டினால் நியாயமான தொலைவுக்குள் மணமக்கள் விரும்பும் இடத்திலேயே திருமணம் நடத்தலாம் என்கிறது. சடங்கும் அவர்கள் விருப்பம். திருமண அதிகாரியும் மூன்று சாட்சிகளும் முன்னிருக்க, ஒருவரையொருவர் ஏற்பதாக அவர்களுக்குப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். தமிழிலேயே சொல்லலாம். மேளம் ஓய்ந்ததும் மணவறையிலேயே கையெழுத்தும் போடலாம்.

இந்தச் சட்டத்தின் வேர் உங்கள் நகரத்தில்தான் இருக்கிறது. இங்கே தோன்றிய சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தின் திருமணங்கள் செல்லுமா என்ற கேள்வி எழுந்தபோது அதன் தலைவர்களில் ஒருவரான கேசவ சந்திர சேன் பாடுபட்டதன் விளைவே 1872-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம். ஆனால் அதன்படி மணக்க வந்தவர், தான் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எந்தப் பெரிய மதத்தையும் சேர்ந்தவரல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆனாலும் 'ரிஜிஸ்டர் மேரேஜ்' என்றால் சாமியை விட்டு விலகுவது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

தங்களிடம் வேண்டுவது மூன்று. வங்காளிகளின் லக்னம் பெரும்பாலும் இரவில். எங்கள் முகூர்த்தமோ விடிந்ததும் விடியாததுமாக வரும். அந்த நேரத்துக்கும் அதிகாரிகள் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் வர ஏற்பாடு செய்யுங்கள். அதற்கான கட்டணத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதிப் போடுங்கள். கோயில் ரசீது திருமணச் சான்றிதழ் ஆகாது என்பதையும், கலப்பு மதத் திருமணத்துக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும் என்பதையும் கல்யாணம் நடக்கும் ஒவ்வொரு வழிபாட்டுத் தலத்திலும் வங்காளம், இந்தி, தமிழ் மொழிகளில் பலகையாக வைக்கச் செய்யுங்கள்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த முகூர்த்தக் காலத்துக்குள் அதை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொல்கத்தாத் தமிழர் ஒருவர்