திருந்த ஒரு வாசல்

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பெரிய வழக்கு என்றாலே அங்கேதான் அலைச்சல். 'தப்பு செஞ்சவனை உள்ளே தள்ளணும்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே போனவர் ஒருநாள் வெளியே வருவாரே, அப்போது?

இதற்கான பதில் நம் மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டை ஒட்டியே இருக்கிறது தேக்கடியின் பெரியார் புலிகள் காப்பகம். ஒரு காலத்தில் அங்கே காட்டு மரங்களின் பட்டையை உரித்துக் கடத்தினார்கள் சிலர். வழக்கும் கைதும் அவர்களை நிறுத்தவில்லை. 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை வேறு வழியை முன்வைத்தது: 'கடத்தலை விட்டுவிடுங்கள், காட்டைக் காக்கும் வேலைக்கு வாருங்கள்.' 20-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். எந்தப் பாதையில் கடத்தல்காரன் வருவான் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ரோந்து போனார்கள், சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். அந்த வருமானம் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

'தப்பு செஞ்சவனுக்கு வேலையா? ஒழுங்கா இருந்தவனுக்கு என்ன கிடைச்சுது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அவர்களுக்குக் கிடைத்தது சும்மா வந்த மன்னிப்பு இல்லை. பழைய கூட்டாளிகளைப் பகைத்துக்கொண்டு, தினமும் காட்டில் நடந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. யோசித்தால், சிறையில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இது கடினம்.

சட்டமும் இந்த வாசலை மூடிவைக்கவில்லை. 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர மற்றவற்றில், சூழ்நிலையைப் பார்த்து, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் ஒருவரை விடுவிக்கலாம். அதிகபட்சம் 3 ஆண்டுகள் அவர் ஒழுங்காக இருந்து காட்டவேண்டும்.

எல்லாக் குற்றத்துக்கும் இது பொருந்தாது. பாதிக்கப்பட்டவரின் கண்ணீரை ஒதுக்கிவிட்டு, செய்தவரின் மறுவாழ்வை மட்டும் பேசுவதும் சரியில்லை. கொடுஞ்செயலுக்குத் தண்டனை வேண்டும்தான்.

ஆனால், சின்ன வயதில் ஒருமுறை வழுக்கி விழுந்த பையன் நம் தெருவுக்குத் திரும்பி வந்து, மில்லிலோ கடையிலோ வேலை கேட்டு நிற்கும்போது, முடிவு நீதிபதி கையில் இல்லை. 'திருந்திட்டேன்' என்று அவன் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். அதை நிரூபிக்க ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாமே!