ஆபீசுக்கு வந்த புது அசரீரி

ஆபீசு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கின்ற இடங்களுக்கெல்லாம் இப்போது ஒரு புதுச் சிப்பந்தி வந்துகொண்டிருக்கின்றது. அதற்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். ஆனால் அது லீவு கேட்காது, சங்கத்தில் சேராது, தீபாவளிக்குப் போனசு கேட்காது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர், சுருக்கமாய் ஏ.ஐ. என்று அதற்குப் பெயர். கடிதம் எழுதச் சொன்னால் எழுதுகின்றது; நூறு பக்கத் தஸ்தாவேஜைப் பத்து வரியில் சுருக்கித் தருகின்றது; கூட்டத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பெடுக்கின்றது. டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ, காக்னிசன்ட் ஆகிய நான்கு கம்பெனிகளும் ஒவ்வொன்றும் 50,000-க்கு மேற்பட்ட சிப்பந்திகளுக்கு இதைக் கொடுக்கப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனியார் அறிவித்தார்கள். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் மேளம் வைத்தால் சின்ன வீட்டுக்காரன் கடன் வாங்கியாவது வைக்க வேண்டியதுதானே! ஆகவே இந்த மேளம் இப்போது நம்முடைய தூத்துக்குடிப் பக்கத்திற்கும் வந்துவிட்டது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகின்றோம். யந்திரத்தின் மேல் நமக்கு விரோதம் கிடையாது. இராட்டினத்திற்குத் திரும்பிப் போங்கள் என்று உபதேசம் செய்கின்ற கூட்டத்தில் நாம் என்றைக்கும் இருந்ததில்லை. மனிதனுடைய முதுகெலும்பைக் காப்பாற்றுகின்ற எந்த யந்திரமும் வரட்டும், இன்றைக்கே வரட்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம். நமது தகராறெல்லாம் அது வருகின்ற மாதிரியைப் பற்றித்தான்.

சென்ற மாதம் புன்னக்காயலுக்கு நாம் போயிருந்தபோது, தாமிரவருணி கடலில் விழுகின்ற முகத்துவாரத்துப் பக்கம் சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். அவ்வூரிலிருந்து தினம் வெளியூருக்கு வேலைக்குப் போய் வருகின்ற ஒரு வாலிபர் வந்து பேச்சுக் கொடுத்தார். ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் அவருக்குக் கணக்கு உத்தியோகம். கம்பெனியின் பெயரை நாம் எழுதப் போவதில்லை. இந்தச் சங்கதி அந்த ஒரு கம்பெனியோடு நிற்கிறதுமல்ல.

அங்கே ஏ.ஐ. வந்த வைபவத்தை அவர் சொன்னபடியே சொல்லுகின்றோம். ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்தார்கள். புரோகிதரை வரவழைத்தார்கள். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று, வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று, எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. பிறகு சென்னையிலிருந்து ஒரு கனவான் வந்து ஒரு மணி நேரம் இங்கிலீஷில் அதன் மகத்துவத்தைப் பிரசங்கம் செய்தார். அங்கே வேலை செய்கின்ற நாற்பது பேரில் அந்தப் பிரசங்கம் பாதிப் பேருக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை முதல் எல்லாக் கடிதமும் இதில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. தயார் செய்தது இவ்வளவுதான்.

வயதான குமாஸ்தா ஒருவர் மட்டும் எழுந்து, "ஐயா, இது தப்பாக எழுதிவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டாராம். "நீங்கள்தானே பார்த்து அனுப்பப் போகிறீர்கள்!" என்று பதில் வந்ததாம். சரியாக மூன்றாவது வாரத்தில் அந்தக் கேள்வி பலித்தது. சரக்கு எப்போது வந்து சேரும் என்று கேட்டு வெளிநாட்டு வியாபாரி எழுதிய கடிதத்திற்கு, யந்திரம் எந்தப் பைலிலும் இல்லாத ஒரு தேதியை மிக மரியாதையான பாஷையில் எழுதிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு எண்பது கடிதம் தீர்க்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த இடத்தில், அதை அனுப்பிய பெண் எழுத்துக்கெழுத்து ஒத்துப் பார்க்க நேரமில்லாமல் அனுப்பிவிட்டாள். வியாபாரி சண்டை பிடித்தார். மெமோ யாருக்கு? யந்திரத்துக்கா? விற்ற கனவானுக்கா? வாங்கிய முதலாளிக்கா? மாதம் பதினாலாயிரம் சம்பளத்துக்கு அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகின்ற அந்தப் பெண்ணுக்குத்தான் மெமோ!

கடிதம் சரியாக இருந்தால் யந்திரத்தின் மகிமை. தப்பாகப் போனால் சிப்பந்தியின் கர்மம். மழை பெய்தால் யாகத்தின் பலன், பெய்யாவிட்டால் ஜனங்களின் பாவம் என்று சொல்லிப் பிழைத்தவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

அந்த வாலிபர் இதைச் சொல்லிக்கொண்டிருந்த இடம் எது என்று நினைத்தபோதுதான் நமக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஏனென்றால், 400 வருஷத்துக்கு முன்னால் அவ்வூருக்கும் ஒரு புது யந்திரம் வந்தது. அது அச்சு யந்திரம். அன்றீக்கி என்கின்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1586-இல் 'அடியார் வரலாறு' என்ற 600 பக்கத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் புஸ்தகத்தை அங்கே அச்சிட்டார். அதில் எழுதியிருக்கின்ற அற்புதங்களில் நமக்கு ஒரு குண்டுமணி நம்பிக்கையும் கிடையாது. அது வேறு விஷயம். அந்த மனிதர் யூத வம்சத்தில் பிறந்தவர் என்பதற்காக முதலில் சேர்ந்திருந்த ஒரு சந்நியாசி சபையை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பதையும், பிறவி பார்க்கும் புத்தி நமது அக்கிரகாரத்துக்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்காகச் சொல்லி வைக்கின்றோம். நமக்கு இங்கு வேண்டியது, அவர் அந்த யந்திரத்துக்கு எப்படித் தயார் செய்தார் என்பதே.

அவர் இந்தியாவுக்கு வந்தது 1546-இல். முத்துக்குளித்துறையில் வந்து முதலில் செய்த வேலை, அங்கிருந்த மீனவர்களும் முத்துக் குளிப்பவர்களும் பேசுகின்ற தமிழைக் கற்றது. பிறகு அதற்கு இலக்கணம் எழுதினார். 1577-இல் கோவாவில் வார்த்த தமிழ் எழுத்துக்களோடு விடாமல், 1578-இல் கொல்லத்தில் மறுபடியும் எழுத்து வார்த்தார்கள். முதலில் போட்டது 16 பக்கத்தில் ஒரு சிறு புஸ்தகம். அடுத்த வருஷம் கொச்சியில் அதைவிடப் பெரியது. அதற்கும் ஏழு வருஷம் கழித்துத்தான் புன்னக்காயலில் அந்தப் பெரும் புஸ்தகம். யந்திரம் வரும் முன் பாஷை, பாஷைக்குத் தக்க எழுத்து, சின்ன வெள்ளோட்டம், தப்பைத் திருத்தினது, பிறகு பெரிய வேலை. மோட்சத்தைப் பற்றி எழுதப் புறப்பட்ட பாதிரியாருக்கு இருந்த இந்த லௌகிக புத்தி, லாபத்தைப் பற்றி மட்டுமே நினைக்கின்ற நமது முதலாளிமார்களுக்கு ஏன் இல்லாமற்போயிற்று? பூசணிக்காய் உடைத்ததோடு தயாரிப்பு முடிந்தது என்று நினைக்கின்ற நாட்டில் வேறு எப்படி இருக்கும்!

நிற்க, இந்த யந்திரம் என்ன செய்கின்றது என்பதை நமது தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் சரஸ்வதியும் இல்லை, பூதமும் இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குள் ஊட்டி, எந்த வார்த்தைக்குப் பின்னால் எந்த வார்த்தை வருவது வழக்கம் என்பதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கின்றார்கள். கேள்வி கேட்டால் அந்தக் கணக்குப்படி வார்த்தையைத் தொடுத்துத் தருகின்றது. பெரும்பாலும் அது சரியாகவும் உபயோகமாகவும் இருக்கின்றது. ஆனால் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லாமல், தெரிந்ததைப் போலவே கூசாமல் சொல்லிவிடுகின்ற குணமும் அதற்கு உண்டு. நமது ஊர்ப் பௌராணிகர்களுக்கு இந்தக் குணம் புதிதல்ல.

இந்தக் குணத்தால் பெரிய இடங்களே சந்தி சிரித்திருக்கின்றன. ஆஸ்திரேலிய சர்க்காருக்குச் சுமார் 4,40,000 டாலருக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்த டெலாய்ட் கம்பெனி, அதில் இல்லாத புஸ்தகங்களையும் நீதிபதி எழுதாத வாசகத்தையும் மேற்கோளாகக் காட்டியிருந்தது வெளிப்பட்டு, 2025-இல் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஏர் கனடா விமானக் கம்பெனியின் பேசும் யந்திரம், டிக்கட் விலையைப் பற்றி ஒரு பிரயாணிக்குத் தப்பாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தபோது கம்பெனி என்ன வாதாடிற்று தெரியுமா? அந்த யந்திரம் தனி ஆசாமி, அதன் செய்கைக்கு அதுவே பொறுப்பு என்று வாதாடிற்று! 2024-இல் அந்நாட்டு நியாயசபை அதைத் தள்ளிவிட்டு, 812 டாலர் கட்டு என்று சொல்லிவிட்டது.

இவையெல்லாம் பணத்தோடு போயிற்று. மனிதர்களைச் சிறைக்கு அனுப்பிய கதையும் உண்டு. இங்கிலாந்துத் தபாலாபீசுகளில் ஹொரைசன் என்ற கணக்கு யந்திரம் வைத்தார்கள். அது ஏ.ஐ. அல்ல, சாதாரணக் கணக்கு யந்திரந்தான். அது பணம் குறைகின்றது என்று காட்டினால், யந்திரம் பொய் சொல்லுமா, தபாலாபீசுக்காரன்தான் திருடியிருப்பான் என்று 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் தண்டித்தார்கள். கர்ப்பிணியாயிருந்த இந்தியப் பெண் ஒருத்தியும் 2010-இல் ஜெயிலுக்குப் போனாள். 2024-இல் பார்லிமெண்டே ஒரு சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பகுத்தறிவில் முன்னேறியது என்று நாம் சொல்லுகின்ற நாட்டிலேயே, யந்திரம் சொல்லிவிட்டது என்பதற்கு மேல் தண்டித்தவர்கள் கேள்வி கேட்கவில்லை. சாஸ்திரம் சொல்லுகிறது என்று வாயை அடைக்கப்பட்ட நமக்கு இந்த வித்தை எவ்வளவு அபாயம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி. இந்த உதவியாளர் ஆபீசுப் பைல்களைத் தானே படித்துப் பதில் சொல்லுகின்றது. யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டுப் போடாமல் வைத்திருக்கின்ற ஆபீசில், யாருக்கு என்ன சம்பளம், யார் மேல் என்ன புகார், யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் கேட்டவனுக்குக் கிடைத்துவிடும். முன்பெல்லாம் அலமாரியைக் குடைந்தால்தான் கிடைக்கும்; இப்போது கேட்டாலே போதும். சர்க்கார் தஸ்தாவேஜின் இரகசியத்துக்கு அபாயம் என்று மத்திய நிதி இலாகாவே தன் உத்தியோகஸ்தர்களை ஆபீசுக் கம்ப்யூட்டரில் சாட்ஜிபிடி, டீப்சீக் இரண்டையும் உபயோகிக்க வேண்டாம் என்று 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. ஆகையால் பூஜை போடுகிறதற்கு முன் பூட்டுப் போடுங்கள் என்கின்றோம்.

ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லாமலில்லை. கேரள ஹைகோர்ட் 2025 ஜூலையில் கீழ்க் கோர்ட்டுகளுக்கு ஒரு விதி போட்டது. தீர்ப்புக்கு வர ஏ.ஐ.யைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. அது எழுதியதை மனிதர் சரிபார்க்க வேண்டும். எங்கெங்கே உபயோகித்தோம் என்று கணக்கு வைக்க வேண்டும். உபயோகிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இதில் ஆகாயத்திலிருந்து குதித்தது ஒன்றுமில்லை.

இனித் தொழிலாளத் தோழர்களுக்கு. ஆட்குறைப்புக்கு இடமுள்ள மாதிரி தொழில் முறையை மாற்றினால் 21 நாள் முன்னதாக நோட்டீசு கொடுக்க வேண்டும் என்று 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கின்றது. பாங்கிகளில் கம்ப்யூட்டர் வந்தபோது 1983-இல் சிப்பந்திச் சங்கங்கள் நிர்வாகங்களோடு உட்கார்ந்து, எவ்வளவு யந்திரம், எந்த வேலைக்கு என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டுதான் விட்டார்கள். பாங்கி மூடிப்போய்விடவில்லை. உங்கள் ஆபீசில் நல்ல நேரத்துக்கு நோட்டீசு உண்டு. உங்களுக்கு நோட்டீசு உண்டா என்று கேளுங்கள்.

அந்த வாலிபரும் அவருடைய சிநேகிதர்களும் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கின்றார்கள். நாமும் படித்துப் பார்த்தோம். யந்திரம் எதற்கு ஆகும் எதற்கு ஆகாது என்று தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும், முதலில் நாலைந்து பேரை வைத்து இரண்டு மாதம் வெள்ளோட்டம் பார்க்க வேண்டும், சரிபார்க்கிற நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு எண்பது என்பதைக் குறைக்க வேண்டும், யந்திரத்தின் தப்புக்கு அதை வாங்கி வைத்தவரே ஜவாப்தாரி என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த மெமோவை வாபஸ் வாங்க வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கின்றார்கள். முதல் கையெழுத்து அந்த வயதான குமாஸ்தாவினுடையது.

இதற்கு நிர்வாகத்தார் ஏதாவது சமாதானம் எழுதியனுப்பினால் ஒரு எழுத்தும் மாற்றாமல் இந்தப் பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம். அந்தச் சமாதானத்தை யந்திரம் எழுதியதா, மனிதர் எழுதியதா என்பதை மட்டும் கீழே குறிப்பிட்டு, ஒருவர் கையெழுத்தும் போட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.