தொழிற்கல்விக்கான பணம் எமது பிள்ளைகளையும் சேர வேண்டும்

காணியுள்ள விவசாயியின் பிள்ளை தொழிலைத் தாய் தகப்பனிடமே கற்றுக்கொள்கிறது. நாற்று மேடை போடவும், வாய்க்கால் வெட்டவும், நீரிறைக்கும் இயந்திரம் நின்றுபோனால் கழற்றிப் பார்க்கவும் தோட்டத்திலேயே பழகிவிடுகிறது. இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளைக்கு அந்தத் தோட்டம் இல்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினருக்குக் காணி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, புத்தளத்திலேயே அடுத்த தலைமுறையையும் கண்டுவிட்டன. தகப்பன் கூலிக்குப் போகிறார். பிள்ளை எதைப் பார்த்துத் தொழில் பழகும்?

ஆகவே, காணியில் கற்க முடியாமற் போனதைப் பாடசாலையில் கற்பிக்கும் கடமை அரசுக்கு உண்டு. அதற்கான பணத்தை ஒதுக்கும் கடமையும் உண்டு. இது சலுகையன்று, எமது பிள்ளைகளின் உரிமை.

ஏட்டளவில் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்றொரு பாடம் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்திலே விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், கட்டடம், இயந்திரம், மின்சாரம் சார்ந்த பாடங்கள் இருக்கின்றன. 2013 இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. 2017 இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 42 பாடசாலைகளில் முன்னோடியாக ஆரம்பிக்கப்பட்டது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் 12 ஆம் தரத்திற்குப் போய், ஒரு தொழிலைக் கற்று, தேசிய தொழில் தகைமையின் 4 ஆம் மட்டத்தைப் பெற அது வழி திறந்தது. நல்ல திட்டம் என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால் எமது பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகள் எவை? உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ளவை 1ஏபி பாடசாலைகள். கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி. 11 ஆம் தரத்தோடு முடிபவை 2 ஆம் வகை. ஆரம்ப வகுப்புகள் மட்டும் உள்ளவை 3 ஆம் வகை. உயர்தரத் தொழினுட்பப் பிரிவு உயர்தரம் உள்ள இடத்தில்தான் நடக்க முடியும். ஆய்வுகூடமும் பட்டறையும் பெரிய பாடசாலைகளுக்கே வந்தன. முகாமிலும் மீள்குடியேற்றக் கிராமத்திலும் இருக்கும் பிள்ளையோ பக்கத்திலுள்ள சிறிய பாடசாலைக்கே நடந்து போகிறது. அங்கு 11 ஆம் தரத்தோடு கதவு மூடிக்கொள்கிறது. பெரிய பாடசாலைக்குப் போவதென்றால் பஸ் காசு வேண்டும். நாட்கூலியில் வாழும் வீட்டுக்கு அது சிறிய தொகையல்ல.

இரண்டாவது குறை பணத்தின் தன்மையைப் பற்றியது. கட்டடத்துக்குப் பணம் ஒருமுறை வருகிறது. திறப்பு விழாவும் நடக்கிறது. ஆனால் தொழிற்பாடம் கட்டடத்தால் நடப்பதில்லை. ஒரு சரித்திரப் புத்தகத்தைப் பல பிள்ளைகள் மாறி மாறிப் படிக்கலாம். தச்சுவேலை பழகும் பிள்ளை அறுத்த பலகையை அடுத்த பிள்ளை மறுபடி அறுக்க முடியாது. ஆணி, வயர், விதை, பசளை, எரிபொருள் எல்லாம் ஒவ்வொரு தவணையும் வாங்க வேண்டியவை. 2022 இன் பொருளாதார நெருக்கடி இவற்றின் விலையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நீங்கள் அறிவீர்கள். கல்விக்கான மீண்டெழும் செலவில் மிகப் பெரும் பங்கு சம்பளத்துக்கே போகிறது. பாடசாலைக்கு வரும் தர உள்ளீட்டுப் பணமோ பெரிதும் மாணவர் தொகையை ஒட்டியது. பிள்ளைகள் குறைந்த பாடசாலைக்குப் பணமும் குறைவு. ஆனால் ஒரு வாளின் விலை பெரிய பாடசாலைக்கும் சிறிய பாடசாலைக்கும் ஒன்றுதான்.

இந்த நாடு இதை முன்பும் கண்டிருக்கிறது. 1972 கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. அந்தந்த ஊரின் தொழிலை அந்தந்தப் பாடசாலையில் கற்பிப்பதே நோக்கம். கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. பெற்றோரும் அதை முழுமனதோடு ஏற்கவில்லை. 1977 இல் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. பணமும் மதிப்பும் சேராத தொழிற்பாடம் நிலைக்காது என்பதே அதன் பாடம்.

"எங்கள் பிள்ளைகளை மட்டும் ஏன் மண்வெட்டிக்கும் உளிக்கும் அனுப்பப் பார்க்கிறீர்கள்? நகரத்துப் பிள்ளை டொக்டராக வேண்டும், எங்கள் பிள்ளை மேசனாக வேண்டுமா?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தொழிற்கல்வி ஏழைப் பிள்ளையை ஒதுக்கி வைக்கும் மூலையாக இருந்தால் நாமும் அதை எதிர்ப்போம். ஆனால் தேசிய தொழில் தகைமையில் 4 ஆம் மட்டத்துக்கு மேலே 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கும், 7 ஆம் மட்டம் பட்டத்துக்கும் உரியவை. 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்றவை இந்த ஏணியின் நடுப்படிகள். எமது குறை ஏணி இல்லை என்பதல்ல. கிராமத்துப் பாடசாலையில் அதன் முதற்படி இல்லை என்பதே. மேலும், கணிதத்தையும் மொழியையும் குறைத்துவிட்டுத் தொழிலைக் கொடுக்கும்படி நாம் கேட்கவில்லை. அளக்கத் தெரியாத தச்சன் பலகையை வீணாக்குவான்.

அரசிடம் பணமில்லை என்ற பதிலும் வரும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பது 2015 இல் இஞ்சியோனில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு. 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டதும் அந்த 6 வீதத்தைத்தான். இலங்கை அரசின் செலவோ பல ஆண்டுகளாக 2 வீதத்தை ஒட்டியே நிற்கிறது. எனவே இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்பது இன்னும் முக்கியமாகிறது.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, தொழிற்பாடப் பொருட்களுக்கென மாணவர் தொகையைப் பாராமல் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஆண்டுதோறும் ஓர் அடிப்படைத் தொகை வேண்டும். இரண்டாவது, தனித்தனிப் பட்டறை கட்ட முடியாத சிறிய பாடசாலைகள் நாலைந்துக்கு ஒரு பொதுப் பட்டறையும், பிள்ளைகள் அங்கு போய்வரப் பயணச் செலவும் வேண்டும். மூன்றாவது, ஊரிலுள்ள அனுபவமிக்க விவசாயியையும் மெக்கானிக்கையும் தச்சரையும் நாட்கொடுப்பனவு கொடுத்துப் பாடசாலைக்கு அழைக்க இடமளிக்க வேண்டும். காணி போனாலும் அறிவு போகவில்லை. அந்த அறிவு பிள்ளைகளிடம் சேரட்டும்.

இவை தாமாக வரா. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தாய்மாரும் தகப்பன்மாரும் தவறாது போங்கள். எங்கள் பாடசாலையில் எந்தத் தொழிற்பாடம் உண்டு, அதைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா, கடந்த ஆண்டு அதன் பொருட்களுக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் அந்தக் கேள்வியை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.