இரக்கமா? உரிமையா?

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழர் இலர். மைந்தனின் தேர்க்காலில் சிக்கிக் கன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் மகன்மீதே தேரைச் செலுத்தினான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் உண்டு. கதையின் முடிவில் இறைவன் அருளால் கன்று உயிர்பெற்று எழுகிறது. நம் காலத்துச் சாலைகளிலோ அத்தகைய அற்புதம் நிகழ்வதில்லை. ஒடிந்த கால் ஒடிந்ததுதான். தவறு செய்தவனைத் தண்டிப்பதால் மட்டும் அடிபட்டவன் வீட்டில் உலை கொதித்துவிடாது. ஆகவேதான் இழப்பீடு என்ற ஒன்று வேண்டியிருக்கிறது.

இதனை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. வீட்டில் பட்டு அறிந்தேன்.

என் தந்தையார் தையற்காரர். ஈராண்டுகளுக்கு முன், அவருக்கு 43 வயதாக இருந்தபோது, கடையை அடைத்துவிட்டுச் சைக்கிளில் வந்தவரைப் பின்னால் வந்த வேன் ஒன்று மோதித் தள்ளியது. வலக்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் முறிந்தது. நான்காம் நாள் வேன் உரிமையாளர் ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். இருபதாயிரம் ரூபாயைத் தலையணை அருகே வைத்தார். எழுதிக் கொண்டுவந்த தாள் ஒன்றையும் நீட்டினார். "எல்லாம் நம் நேரம்" என்றார் பெரியப்பா. "கோர்ட்டு வாசலை மிதிக்காத குடும்பம்" என்றார் அம்மா. "வம்பு எதற்கு? வாங்கிக்கொள்ளுங்கள், அப்பா" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தவன் நான்தான், பொருளியல் பயிலும் நான்!

அச்சமயம் நலம் விசாரிக்க வந்த எங்கள் துறைப் பேராசிரியர், "அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாயா?" என்று கேட்டார். படித்தேன். இவ்விபத்துக் குறித்து இனி எவ்வித உரிமையும் கோருவதில்லை என்று எழுதியிருந்தது. அப்பா பேனாவை மூடி என்னிடமே திருப்பித் தந்தார்.

அன்றுமுதல் நாங்கள் கேட்ட பேச்சுகள் மூன்று.

முதலாவது, "அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே, பாவம்" என்பது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடின்றி வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது. முறையாகக் காப்பீடு செய்த வண்டிக்குப் பணம் தர வேண்டியது காப்பீட்டு நிறுவனம். அதற்காகவே ஆண்டுதோறும் பிரிமியம் கட்டப்படுகிறது. இதில் யார் குடியை யார் கெடுக்கிறார்கள்?

இரண்டாவது, "காலைக் காட்டிக் காசு பறிக்கிறார்கள்" என்பது. கணக்கைப் பாருங்கள். அப்பாவின் மாத வருவாய் 12,000 ரூபாய், ஆண்டுக்கு 1,44,000. உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த அட்டவணைப்படி 41 முதல் 45 வயது வரை பெருக்கெண் 14. ஆக, 20,16,000 ரூபாய். மருத்துவச் சான்றிதழில் கண்ட ஊனம் 30 விழுக்காடு. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் வருவாய் இழப்பு 6,04,800 ரூபாய்தான்.

ஆனால் ஊனத்தின் அளவும் வருவாய் இழப்பின் அளவும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றமே 2010இல் விளக்கியுள்ளது. இடக்கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை போகாமலே இருக்கலாம். இயந்திரத்தை மிதிக்க முடியாத என் தந்தையார் இன்று காஜா எடுத்தும் பொத்தான் தைத்தும் முன்பு ஈட்டியதில் கால் பங்கே ஈட்டுகிறார். அப்படியானால் இழப்பு முக்கால் பங்கு, அதாவது 15,12,000 ரூபாய். இது பேராசையா? பதினைந்து வயதில் கற்ற தொழிலின் விலை அன்றோ!

மூன்றாவது, "ஏழைக்கு ஏது வழக்கு?" என்பது. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நாம் வாழும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், குறைந்த வருவாயினர் ஆகியோர்க்கு இலவச சட்ட உதவி உண்டு. நாள் கடத்துவதுதான் ஆகாது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருந்துக் கடை ரசீது ஆகிய ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் பணம் விரைவில் கிடைக்கும். ஆயின் அதற்குமேல் முறையீடு இல்லை. ஆகவே தொகையை நன்கு எண்ணிப் பார்த்தபின்பே இசைய வேண்டும்.

நியாயம் இரு பக்கமும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். படாத காயத்துக்குச் சான்றிதழ் வாங்குவோர் காப்பீட்டு நிறுவனத்தை மட்டும் ஏமாற்றவில்லை. உண்மையாகவே அடிபட்டவனையும் ஐயத்தோடு பார்க்கும்படி செய்துவிடுகிறார்கள்.

எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. முடிவு எதுவாயினும், ஆரஞ்சுப் பழத்தோடு வந்தது இரக்கம். மனுவில் நாங்கள் கேட்டிருப்பது உரிமை என்ற தெளிவு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் முன் ஒரு தாள் நீட்டப்படும்போது பேனாவை எடுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் அதனைப் படித்துக் காட்டுங்கள். நாம் கற்ற கல்விக்கு அதைவிட நல்ல பயன் வேறு என்ன இருக்க முடியும்?