மணல் நம்முடையது, செய்முறை யாருடையது?

திற்பரப்பில் பாறைமேல் அகலமாகப் பரந்து விழும் கோதையாறு, மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாக ஓடித் தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. மலைப்பாறையை மழை அரிக்க அரிக்க, இப்படிப்பட்ட ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டியதைத்தான் கடலலை சலித்து, கனமானதைக் கரையில் கறுப்பு மணலாக ஒதுக்கியிருக்கிறது. அந்த மணலுக்காகத்தான் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டம் கொதித்துக் கிடக்கிறது. கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அனுமதி கேட்டது. 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பு வலுத்ததால் தள்ளிவைக்கப்பட்டது. எடுக்கச் சொல்பவர்கள் நாட்டின் தேவை, அரிய கனிமம், வேலைவாய்ப்பு என்கிறார்கள். கூடாது என்பவர்கள் கதிர்வீச்சு, கடலரிப்பு, குடிநீர், குடியிருப்பு என்கிறார்கள். இரண்டாம் தரப்பின் அச்சம் கையை வீசி ஒதுக்கிவிடக்கூடியதல்ல. அது தனியே விரிவாகப் பேசவேண்டிய விஷயம். இங்கே முதல் தரப்பின் வாதத்தை அவர்கள் போடும் கணக்கிலேயே சரிபார்க்கலாம். என் கட்சி இதுதான்: இந்த மணலின் மதிப்பில் பெரும்பகுதி அதைப் பொருளாக மாற்றும் செய்முறையில் இருக்கிறது. அந்தச் செய்முறையில் நமக்குப் பங்கில்லாதவரை, இன்னும் ஆயிரம் ஹெக்டேரைத் தோண்டினாலும் நாட்டுக்கு அவர்கள் சொல்லும் லாபம் வராது.

கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைட். அதிலிருந்து இரும்பைப் பிரித்து எடுத்தால் கிடைப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. நம் வீட்டுச் சுவரிலுள்ள வெள்ளை பெயிண்டின் வெண்மை அதனுடையது. ஒளியை வளைப்பதில் வைரத்தையும் மிஞ்சும் பொருள். 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். நஞ்சான ஈய வெள்ளையின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. ஆனால் இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெயில் பட்டால் தன்னைச் சுற்றியுள்ள பிசினையே அரித்துவிடும். பழைய சுவரைத் தடவினால் உள்ளங்கையில் வெள்ளை மாவு ஒட்டுகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. அதனால் ஒவ்வொரு துகளுக்கும் அலுமினாவோ சிலிகாவோ கொண்டு மெல்லிய உறை போடுகிறார்கள். சுவரைக் காக்கப் பெயிண்ட், பெயிண்டைக் காக்க இந்த உறை. கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டாவது பூச்சின்மேல் உலக நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் காப்புரிமைகள் ஏராளம். மணலை அள்ளுவதன்மேல் யாரும் காப்புரிமை எடுப்பதில்லை.

மருத்துவத்துக்கு வருவோம். டைட்டானியத்தை உலோகமாகப் பிரிக்கும் வழியைக் கண்டறிந்து 1940இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல். அந்த உலோகத்தோடு எலும்பு தானாகவே பிணைந்து வளர்வதை 1952இல் முயல்களிடம் கவனித்தவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரனெமார்க். 1965இல் ஒரு மனிதரின் தாடையில் அதைப் பொருத்திக் காட்டினார். நாகர்கோவிலில் பல் இம்ப்ளான்ட் போட்டுக்கொள்பவரின் தாடைக்குள் போகும் திருகின் வம்சாவளி இதுதான். கணினி விஷயம் இன்னும் வேடிக்கை. அதே கறுப்பு மணலில் கிடைக்கும் சிர்கானில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஹாஃப்னியம் ஒளிந்திருக்கும். அது நியூட்ரானை விழுங்கிவிடும் என்பதால், அணு உலைக்கான சிர்கோனியத்தைத் தயாரிக்கும்போது முதல் வேலையாக அதை விலக்கிவிடுவார்கள். அதே ஹாஃப்னியத்தின் கூட்டுப்பொருளைத்தான் 2007இல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் சிப்பில், டிரான்சிஸ்டரின் மின்கசிவைத் தடுக்க வைத்தது. அந்த மணலிலேயே இருக்கும் மோனசைட் என்ற கனிமத்திலிருந்து வரும் நியோடிமியமோ ஹார்டு டிஸ்க்கில் தகவலைத் தேடி ஓடும் சின்னக் கையை அசைக்கும் காந்தமாகிறது. ஜப்பானின் ஃபுஜிட்சு என்ற கணினி நிறுவனத்தில் இருந்தபோது மசாதோ சகாவாவுக்கு அந்தக் காந்தத்தின் யோசனை வந்தது. அங்கே ஆதரவு கிடைக்காமல் சுமிடோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸுக்கு மாறி 1982இல் செய்து முடித்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலும் ஜான் க்ரோட் அதைச் செய்தார். அடிப்படைக் காப்புரிமைகளை இந்த இரண்டு முகாம்களும் வைத்துக்கொண்டன.

இது புதுக்கதை என்று நினைக்க வேண்டாம். அதே மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி மணலின் வணிகமே ஒரு காப்புரிமையின் நிழலில்தான் தொடங்கியது. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் 1885இல் கேஸ் விளக்கு மேன்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். 1891இல் தோரியம் ஆக்சைடோடு துளி சீரியம் சேர்த்து அதை உருப்படியாக்கினார். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் தொட்டதும் உதிர்ந்துபோகுமே, அதே மேன்டில். தோரியத்துக்கு மோனசைட் வேண்டியிருந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் அடையாளம் கண்டார்; ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது. மகாராஜா போனார், வெள்ளைக்காரன் போனான், 1950இல் இந்திய அரிய மணல் நிறுவனம் (இன்றைய ஐ.ஆர்.இ.எல்.) வந்தது, 1956இல் மாவட்டமே தமிழ்நாட்டோடு இணைந்தது. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மாவட்டத்தில் பெரும்பாலும் நடப்பது அள்ளுவது, கழுவுவது, காந்தத்தாலும் மின்சாரத்தாலும் கனிமங்களைத் தனித்தனியே பிரிப்பது. அதற்கு அடுத்த படியில் பெரும்பகுதி வேறெங்கோ.

தாது போதவில்லை, அதனால்தான் பின்தங்கிவிட்டோம் என்பார்கள். நடந்தது அப்படியில்லை. 2012இல் செய்த ஓர் ஒப்பந்தப்படி, ஐ.ஆர்.இ.எல். பிரித்தெடுத்த அரிய மண் தனிமங்கள் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் இந்தியக் கிளை வழியாக ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தன. காரணம் எளிது: அவற்றைக் காந்தமாக்கும் ஆலை சொல்லிக்கொள்ளும்படி இங்கே இல்லை. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, நம் வாகன ஆலைகள் காந்தத்துக்குத் தவித்தபோதுதான் அந்த ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லும் யோசனை டெல்லிக்கு வந்தது. விசாகப்பட்டினத்தில் 2023இல் திறந்த அரசு ஆலை செய்வது சமாரியம்-கோபால்ட் காந்தம், ஆண்டுக்கு 3,000 கிலோ. பாதுகாப்புத் துறைக்கும் விண்வெளிக்கும் அவசியமானது, கார் ஆலைக்குக் கொசுறு. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஆண்டுக்கு 6,000 டன் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. தாமதமான, ஆனால் சரியான ஒப்புதல் வாக்குமூலம்: அடைப்பு கடற்கரையில் இல்லை, ஆலையிலும் ஆய்வகத்திலும் இருக்கிறது.

இங்கே விவரம் தெரிந்த வாசகர் ஒருவர் குறுக்கிடுவார். காப்புரிமைக்கு ஆயுள் இருபது ஆண்டுதானே? க்ரோலின் உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. நியோடிமியம் காந்தத்தின் அடிப்படை உரிமைகள்கூட 2014 வாக்கில் முடிந்துவிட்டன. பிறகு யார் தடுத்தார்கள்? நியாயமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் என் வாதம் நகராது. காப்புரிமைப் பத்திரத்தில் எழுதப்படுவது பாதிதான். மீதி ஆலைத் தளத்தில், உலையின் முன் நிற்பவரின் பழக்கத்தில், வெளியே சொல்லாத குறிப்புகளில் இருக்கிறது. டுபாண்ட் நிறுவனத்தின் டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிப்பு ரகசியத்தைச் சீன அரசு நிறுவனத்துக்கு விற்ற ஒருவருக்கு 2014இல் அமெரிக்க நீதிமன்றம் 15 ஆண்டு சிறை விதித்தது. வெறும் வெள்ளை நிறத்துக்கு! அந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. க்ரோல் முறை உலகறிந்தது. ஆனாலும் ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் அதைத் தன் கையால் செய்து செய்து கற்று, கொல்லம் அருகே சவறாவில் 500 டன் ஆலையாக எழுப்பியது 2011இல். இடையே எழுபது ஆண்டு. காப்புரிமை எடுப்பவர் செய்து பழகியவர். செய்து பழகியவரிடம்தான் அடுத்த காப்புரிமையும் பிறக்கிறது. உரிமை காலாவதியாகும்வரை காத்திருந்து கற்றுக்கொள்ளலாம் என்பவருக்கு, அது காலாவதியாகும் நாளில் போட்டியாளரின் புதிய உரிமை ஒன்று காத்திருக்கும்.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்கள் திற்பரப்பிலிருந்து வெகுதூரம் போகவேண்டாம், திருவனந்தபுரம் போதும். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் செயற்கை இருதய வால்வு செய்யப் புறப்பட்டபோது, இறக்குமதி வால்வின் விலை நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எட்டாதது. வால்வு என்பது ஆண்டுக்கு நாலு கோடி தடவைக்குப் பக்கமாகத் திறந்து மூட வேண்டிய ஒரு தட்டு. ரத்தம் அதில் உறையவும் கூடாது. முதல் வடிவத்தில் பற்றவைத்த இடம் முறிந்தது. அடுத்ததில், கடினமான சபையர் தட்டு உரசி டைட்டானியம் சட்டம் தேய்ந்தது. சட்டத்தின் உலோகத்தை மாற்றினார்கள். இப்போது சபையர் தட்டு உடைந்தது. நான்காவது முறை தட்டைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அது நின்றது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது, பிறகு டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றுக்கொண்டு, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன, இறக்குமதியைவிடக் குறைந்த விலையில். மூன்று தோல்விகளுக்குச் சம்பளம் கொடுத்து, ஒரே குழுவைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஒரே வேலையில் வைத்திருக்க ஒரு பொது நிறுவனம் துணிந்தது. செய்முறை கைக்கு வந்ததற்குக் காரணம் அந்தத் துணிச்சல். தாதுவுக்கு அதில் வேலையே இல்லை.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வரும்: மக்கள் பணத்தில் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை எதற்கு, எல்லோருக்கும் திறந்துவிடுங்களேன் என்று. மருந்துக்குப் பொருட்காப்புரிமை வேண்டாம் என்ற 1970ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஏழைக்கு மலிவு மருந்து தந்தது என்பதை மறக்காதவர்கள் சொல்வது, அதில் உண்மை உண்டு. ஆனால் கனிமத் தொழிலில் திறந்து விட்டதை முதலில் எடுத்துக்கொள்பவர் பெரிய ஆலை வைத்திருப்பவர். பொது நிறுவனத்தின் கையில் உரிமை இருந்தால், யாருக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்று பேசவாவது முடியும். இந்த மணலுக்கு மட்டும் ஒரு கூடுதல் விலங்கும் இருந்தது: அணுசக்தி தொடர்பான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 20ஆம் பிரிவும், காப்புரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் சொல்லின. தோரியத்துக்குப் போட்ட பூட்டு, அதே மோனசைட்டிலிருக்கும் நியோடிமியத்தின் பக்கமும் கொஞ்சம் சாய்ந்தது. தனியாரும் பல்கலைக்கழகமும் கிட்டே வரத் தயங்கும் துறையாக அது ஆனது.

சரி, ஆய்வகம் எங்கே இருந்தால் என்ன, கன்னியாகுமரியில்தான் இருக்கவேண்டுமா? இருக்கவேண்டும் என்கிறேன், அதற்குச் சான்று திற்பரப்பின் ரப்பர் தோட்டத்திலேயே இருக்கிறது. விடியுமுன் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் ஷீட் அடித்துப் புகைப்புரையில் தொங்கவிடும் சிறு விவசாயிக்குக் கிடைத்த பெரிய அறிவியல் உதவி ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரகம். கோட்டயத்தில், ரப்பர் விளையும் மண்ணிலேயே இயங்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்டது. தோட்டமும் ஆய்வகமும் பக்கத்தில் இருந்ததால், தோட்டத்தின் குறை ஆய்வகத்துக்குக் கேட்டது. மணலிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கும் பெக்கர் முறை பிறந்தது 1960களில், பெர்த் நகரில், மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசின் வேதியியல் ஆய்வகத்தில். மணல் தோண்டிய மாநிலமே செய்முறையையும் கண்டுபிடித்தது. 1975இல் எளிதில் உடையாத சிர்கோனியா பீங்கானை உலகுக்கு அறிவித்ததும் அதே நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு நிறுவனம். அவர்களும் கடற்கரை மணலை ஏற்றுமதி செய்தவர்கள்தான், அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் கேட்க இருந்த ஒரே மேடையும் இப்போது போய்விட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் சார்ந்த சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது. தமிழக முதல்வர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் எழுதியது சரி. ஆனால் சுரங்கக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது இன்னும் மாநில அரசுதான். கிள்ளியூர் கோப்பு மறுபடி மேசைக்கு வரும்போது, எத்தனை ஹெக்டேர், எத்தனை ஆண்டு, டன்னுக்கு எவ்வளவு என்பதோடு கோட்டையில் இருப்பவர்கள் இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும்: இங்கிருந்து போகும் மோனசைட் எந்த ஆலையில் காந்தமாகப் போகிறது, அந்த ஆலை இன்று ஓடுகிறதா, இல்மனைட்டும் சிர்கானும் தாதுவாகவே விற்கப்படுமா, மாவட்டத்துக்குள் ஒரு செய்முறை ஆய்வகம் எந்த ஆண்டில் திறக்கும், அதில் பிறக்கும் காப்புரிமையில் உரிமையாளர் வரிசையில் யார் பெயர் இருக்கும். பதில் வரும்வரை மணல் கரையிலேயே கிடக்கட்டும். அது கெட்டுப்போகிற பண்டமில்லை.