ப்ளீஸ் ஸ்பீக்

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் ஆரம்பித்தார்: "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மேலதிகாரிகிட்ட மரியாதையே இல்லை சார். என் பேரன் மீட்டிங்கில எம்.டி.யையே தப்புன்னு சொல்றானாம். நாமெல்லாம் அப்படியா இருந்தோம்?"

இல்லைதான். ஆனால் அதற்கு மரியாதை என்று பெயர் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

எதிர்த்துப் பேசாதது நம் பண்பாடு என்கிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பதினோரு மணிக்கு அங்கே வந்து பாருங்கள். மந்திரி முதல் மேலதிகாரி வரை ஒருவர் தப்பமாட்டார். அதே ஆட்கள் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் ஊமை. பண்பாடு என்ன இருபது அடி ரோட்டில் மாறிவிடுமா? மாறியது இடம்தான். டீக்கடைக்காரர் சி.ஆர். எழுதமாட்டார்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். கட்டுரை எழுதினால் நம் கருத்து, அதற்கு எதிர்க்கருத்து, பிறகு முடிவு என்று மூன்றும் வேண்டும். எதிர்க்கருத்து இல்லாவிட்டால் மார்க் போகும். (அதற்காகப் பிரெஞ்சுக்காரர்களைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். அவர்கள் ஆபீசிலும் 'உய் மொஸ்யே'தான் என்று அப்பா சொல்வார்.) அந்தப் பழக்கத்தோடு குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தேன்.

எண்பதுகளில் ஒரு வாடகைக் கட்டட ஃபைல் என்னிடம் வந்தது. பொதுப்பணித் துறையின் வாடகைச் சான்று இல்லாமல் இந்தத் தொகையை ஏற்க முடியாது என்று நோட் எழுதினேன். ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதித் திரும்பி வந்தது. உள்ளே போனேன். திட்டவில்லை, டீ வரவழைத்தார். "நீங்க எழுதினது சரிதான். ஆனா ஃபைல்ல வேண்டாமே" என்றார். அந்தத் தாள் போய் வேறு தாள் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஆடிட்டில் மாட்டியது. அதிகாரி அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். ஏன் ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை என்று மெமோ வந்தது. எனக்கு எச்சரிக்கை. பில் போட்ட எல்.டி.சி. தம்பிக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் போனது. அந்த ஃபைலில் நான் முதலில் என்ன எழுதினேன் என்றுகூட அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இதைத்தான் நண்பர் மரியாதை என்கிறார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. சி.ஆரில் என்ன எழுதினார்கள் என்பது பாதகமாக இருந்தால்தான் நமக்கு வரும். முழுவதையும் ஊழியரிடம் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது 2009-இல்தான். எனக்கு அப்போது ஓய்வுபெறும் வயது. 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்து கோப்புக் குறிப்புகளையும் பொதுமக்கள் கேட்கலாம் என்றானது. வாய்மொழி உத்தரவை எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013-இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் சொன்னது. இதெல்லாம் வந்த பிறகும் 'ப்ளீஸ் ஸ்பீக்' ஒழியவில்லை என்றுதான் இப்போது வேலையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். போனில் வருகிறதாம்.

நண்பரின் பேரன் தனியார் கம்பெனியில் இருக்கிறான். அங்கே ஒருவன் எம்.டி.யிடம் தப்பு என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போக முடிகிறது என்றால், எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அந்த எல்.டி.சி. தம்பியை இப்போதும் பெரிய மார்க்கெட்டில் பார்ப்பேன். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு என் பையையும் வாங்கிக்கொள்வார்.