கலப்பவர் கையில் கணக்கு இருக்கட்டும்

சனிக்கிழமை இரவு. மும்பையில் செம்பூரிலோ முலுண்டிலோ ஒரு சிறிய வீடு. அலுவலக நண்பருக்குப் பதவி உயர்வு. பத்துப் பேர் கூடியிருக்கிறார்கள். அடுக்களையில் வீட்டுக்கார அம்மாள் பத்துப் பேருக்கு எவ்வளவு அரிசி, சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறார். கூடத்தில் வீட்டுக்காரர் எவர்சில்வர் குண்டானில் ரம்மைக் கவிழ்க்கிறார். எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, தண்ணீர் எல்லாமே கண்ணளவுதான். ஒரு வாய் ருசி பார்க்கிறார். "இன்னும் கொஞ்சம் ஊற்றுங்க சார்" என்கிறார் ஒரு நண்பர். ஊற்றுகிறார். புளிக்கு இருக்கும் கணக்கு மதுவுக்கு இல்லை.

மதுவே கூடாது என்போர் நம்மவர்களில் நிறைய உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. உடலுக்குக் கேடில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் பதவி உயர்வு, பணி ஓய்வு, புது வீடு என்று நம்மவர் வீடுகளில் பாட்டில் திறக்கப்படுவது நடக்கத்தான் செய்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் அது நின்றுவிடாது. குடிப்பவர் தம் பொறுப்பில் குடிக்கிறார் என்று சொல்லலாம். ஆனால் கலந்து கொடுப்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர் கலக்கக் கூடாது.

இப்படிக் கலந்து குடிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலேயர் இங்கே சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, மசாலா, தண்ணீர் என்று ஐந்து பொருளைச் சேர்த்துக் குடித்தார்கள். அதற்குப் 'பஞ்ச்' என்று பெயர். ஐந்து என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகப் பலரும் சொல்வதுண்டு. பின்னர் ரம்முக்குப் பேர்போன மேற்கிந்தியத் தீவுகளில் இதற்கு ஒரு வாய்பாடே ஏற்பட்டது. புளிப்பு 1 பங்கு, இனிப்பு 2 பங்கு, சரக்கு 3 பங்கு, தண்ணீர் 4 பங்கு.

இந்த வாய்பாட்டை நம் அளவில் போட்டுப் பார்த்தால் கணக்கு மிகவும் எளிது. ஒரு பங்கு 10 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறு 10, சர்க்கரைப் பாகு 20, ரம் 30, தண்ணீர் 40. மொத்தம் 100 மி.லி. அதில் இருப்பது சரியாக ஒரு சின்ன பெக். பத்துப் பேருக்கு ஒரு சுற்று என்றால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்க வேண்டியதுதான்: சாறு 100, பாகு 200, ரம் 300, தண்ணீர் 400, ஆக ஒரு லிட்டர். இரண்டு சுற்றுக்கு 600 மி.லி. ரம். முழு பாட்டில் 750 மி.லி. என்பதால், இரண்டு சுற்று முடிந்த பிறகும் பாட்டிலில் 150 மி.லி. மீதி இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ கை தவறியிருக்கிறது என்று பொருள்.

பாகிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 200 கிராம் சர்க்கரையை 200 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 400 மி.லி. பாகு வராது, 300-க்குச் சற்று மேல்தான் வரும். ஆகையால் கரைத்த பிறகே அளக்க வேண்டும். எலுமிச்சையை அன்று மாலையே பிழிய வேண்டும். நேரம் ஆனால் கசக்கும். அளக்கப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். இருமல் மருந்தோடு வரும் அளவுக் குப்பியும், ஒரு லிட்டர் அளவு கோப்பையும் போதும்.

கணக்கு சரியாக இருந்தும் காரியம் கெடுவது டம்ளரால்தான். மேலே சொன்னது 100 மி.லி.க்கு ஒரு பெக். நம் வீட்டுத் தண்ணீர் டம்ளரோ 200 மி.லி. பிடிக்கும். அதில் விளிம்பு வரை ஊற்றினால் இரண்டு பெக். மூன்று டம்ளர் குடித்தவர் வயிற்றில் 180 மி.லி. ரம், அதாவது ஒரு முழு குவார்ட்டர் இறங்கியிருக்கும். அவரைக் கேட்டால், "மூணு டம்ளர் ஜூஸ்தான் குடிச்சேன்" என்பார். பொய் சொல்லவில்லை. சர்க்கரையும் எலுமிச்சையும் சரக்கின் காரத்தை மறைத்துவிடுகின்றன. நாக்கு நல்ல நீதிபதிதான். இந்த வழக்கில் மட்டும் அதன் தீர்ப்பை நம்ப முடியாது.

ஐஸ் செய்யும் வேலை இன்னொன்று. மும்பைப் புழுக்கத்தில் குண்டானுக்குள் ஐஸைப் போட்டால் முதல் டம்ளர் காட்டமாகவும் கடைசி டம்ளர் வெறும் தண்ணீராகவும் இருக்கும். உடனே ஒருவர் எழுந்து, "சப்பென்று இருக்கிறது" என்று பாட்டிலைக் கவிழ்ப்பார். கணக்கு அங்கேயே போயிற்று. கலவையை முன்கூட்டியே குளிர வைத்து, ஐஸை அவரவர் டம்ளரில் போடுவதே முறை. சோடா வேண்டுவோருக்கும் அப்படியே. குண்டானில் ஒருமுறை கலந்தபின் மறுபடி எதையும் சேர்க்கக் கூடாது.

"கொஞ்சம் கூடினால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. நம் நாட்டு ரம், விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீத வீரியம் உடையவை. ஒரு சின்ன பெக்கில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதை உடல் எரித்துத் தீர்க்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடும். மோரும் காப்பியும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் அதை விரைவுபடுத்தா. நள்ளிரவு வரை ஒரு குவார்ட்டரை இறக்கியவர் விடிகாலை முதல் ஷிப்டுக்கு மெஷின் முன்னால் நிற்கும்போது, உள்ளே பாக்கி இருக்கும். இரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி.க்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இரண்டு சின்ன பெக்கிலேயே பலர் அந்த எல்லையைத் தாண்டக்கூடும். லோக்கலில் போகிறவருக்குச் சட்டம் இல்லாமல் இருக்கலாம். பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குண்டானில் இருப்பது பார்வைக்கு ஜூஸ்தான். ஓடி விளையாடிய பிள்ளை தாகத்துக்கு ஒரு டம்ளர் மொண்டு குடித்தால் யாரைக் குற்றம் சொல்வது? அதை மூடியிட்ட பாத்திரத்தில், உயரத்தில் வைத்து, வீட்டுக்காரர் ஒருவரே ஊற்ற வேண்டும். குடிக்காதவர்களுக்கு வேறு நிறத்தில், வேறு பாத்திரத்தில், அதே அக்கறையோடு ஒரு பானகமோ நீர்மோரோ கலந்து வைப்பதும் விருந்தோம்பலே. வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது விருந்தோம்பல் ஆகாது.

பாட்டிலின் மேல் அச்சிட்ட வீரியத்தை நம்பித்தான் இந்தக் கணக்கெல்லாம். எங்கே காய்ச்சியது என்று தெரியாத மலிவுச் சரக்குக்கு எந்த வாய்பாடும் உதவாது. 2015 ஜூனில் மும்பை மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் 100-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மகாராஷ்டிரத்தில் ரம், விஸ்கி அருந்த 25 வயது நிறைந்திருக்க வேண்டும். அரசின் அனுமதிச் சீட்டும் வேண்டும் என்பதை ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்களைக் கூட்டத்தில் சேர்ப்பவர்கள் மறக்கக் கூடாது.

பிழைக்க வந்த ஊரில் நண்பர்கள்தான் உறவினர். அவர்களை வீட்டுக்கு அழைப்பவர், அவர்கள் நலமாக வீடு திரும்புவதற்கும் பொறுப்பாளி. தலைக்கு இத்தனை என்று முதலிலேயே முடிவு செய்து, அந்த அளவுக்கு மட்டும் கலந்து, பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடட்டும். பிறகு சாப்பாடு போடட்டும். அடுக்களையில் அளந்து சமைத்த சோறும் சாம்பாரும் அங்கே சூடாகக் காத்திருக்கின்றன.